எலுமிச்சம்பழத்தில் ஏறாத வண்டி

என் கொழுந்தன் மனைவி பிரசவத்துக்காக அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். போன வாரம் அங்கிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினாள். குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. பெரிய பெரிய சக்கரம், கறுப்புக் குடை, தோல் வார், பளபளவென்று கைப்பிடி. படத்துக்குக் கீழே 'பாரம்பரியத் தள்ளுவண்டி' என்று போட்டிருந்தது. "அக்கா, எப்படி இருக்கு? உங்க கருத்தச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

பாரம்பரியமாம். எந்த ஊர்ப் பாரம்பரியம்? எங்கள் பூட்டன் எவன் திருச்சுழி ரோட்டில் இதைத் தள்ளிக்கொண்டு போனான்? ஏதோ ஒரு குளிர்தேசத்துச் சீமாட்டி, பெற்ற பிள்ளையை வேலைக்காரி கையில் கொடுத்து, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வா என்று அனுப்பிய வண்டி அது. அங்கே புல்தரை இருக்கிறது. இங்கே மூடியில்லாத வாறுகால் சாக்கடை, வீட்டுக்கு வீடு தெருவை நோக்கி இழுத்துக் கட்டிய சரிவு, நாலு எட்டுக்கு ஒரு வேகத்தடை, மிச்ச இடத்தில் கருவேல முள். இதில் பிள்ளையைப் படுக்கவைத்துத் தள்ளினால், தெரு முனைக்குப் போவதற்குள் குடித்த பாலெல்லாம் வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். அனுப்பினால் 'அக்காவுக்குப் பொறாமை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். என் மகளுக்கும் ஒரு வண்டி வந்தது. அதைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அப்போது அவள் இந்த வீட்டுக்கு வரவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் திருச்சுழி. கல்லூரிக்கு அருப்புக்கோட்டை வரை தினமும் பஸ்ஸில் போய்வந்தவள். கட்டிக்கொடுத்ததும் அதே அருப்புக்கோட்டைதான். கீழே மிளகாய் வத்தல் மண்டி, மேலே வீடு. எந்த டவுனில் மூன்று வருடம் காலார நடந்து திரிந்தேனோ, அதே டவுனை மாடிக் கம்பி வழியாகப் பார்க்கிறவளாகிவிட்டேன். அந்த வீட்டுப் பெண்கள் தனியாகப் படி இறங்குவதில்லை. கோயிலென்றால் மாமியாரோடு, ஆஸ்பத்திரி என்றால் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில். யாரும் அதட்டியதில்லை, தடுத்ததில்லை. வழக்கம், அவ்வளவுதான். அதட்டினாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம், வழக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

வளைகாப்பன்று என் தம்பியின் காதில் விழும்படி மாமியார் பேச்சைத் தொடங்கினார். "நாங்க எதுவும் கேக்கல தம்பி. தாய்மாமன் செய்யிறது அவுக அவுக பிரியம். மதுரையில எங்க சொந்தக்காரவுக வீட்டுல ஒரு வண்டி வந்திருந்துச்சு, பிள்ளை ராசா கணக்கா படுத்திருந்தான். அதச் சொல்ல வந்தேன், அம்புட்டுத்தான்." எதுவும் கேட்காதவர்கள் கேட்கிற விதம் இது. சக்கரத்தின் உயரம் வரைக்கும் கையால் காட்டிவிட்டுத்தான் பேச்சை முடித்தார்.

என் தம்பி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மறுநாள் போன் பண்ணினான். "எக்கா, இதெல்லாம் நமக்கு எதுக்கு? நீ வேணாம்னு சொல்லு, நான் பேசிக்கிறேன்." வாங்குடா என்றேன். அவனுக்கு ஆச்சரியம். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வண்டி வந்தால் யாராவது தள்ளித்தானே ஆக வேண்டும்? மண்டி வைத்திருக்கிற ஆம்பிளை தள்ள மாட்டான், மானம் போய்விடும். மாமியாருக்கு முழங்கால் வலி. மிச்சம் இருப்பது நான். சாயங்காலமானால் பிள்ளையைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு, ஒருத்தரும் கூட வராமல், பஜார் வரை போய்வரலாம். வாசலைத் தாண்ட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சக்கரம் வைத்த சாக்காக இருந்தால் என்ன?

மகள் பிறந்து, அஞ்சாம் மாதம் என்னையும் அவளையும் சீரோடு கொண்டுவந்து விட்டார்கள். மேளம் முன்னால் வர, குட்டியானை வண்டியில் வெள்ளிக் கொலுசு, பட்டுச் சட்டை, பழத்தட்டுகளுக்கு நடுவே அந்தத் தேர் நின்றுகொண்டு வந்தது. தெருமுனையில் இறக்கினார்கள். தம்பி பாவம், உருட்டிக் காட்டலாம் என்று கைப்பிடியில் கை வைத்தான். மாமனார் விடவில்லை. "சீர்ச் சாமான் தரையில படக் கூடாது. தூக்குங்கப்பா" என்றார். மண்டியில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்து, மேளத்தோடு, மாடிப்படி முழுக்க இடித்துக்கொண்டு தூக்கி வந்தார்கள். உருள்வதற்கென்று செய்த ஒரு பொருளைத் தலைக்கு மேல் தூக்கிப் போன கூத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் வண்டி கூடத்தில் நின்றது. மேலே பிளாஸ்டிக் உறை. வருகிறவர்களுக்கு உறையை நீக்கிக் காட்டுவார் மாமியார். அவர்கள் கைப்பிடியைத் தடவுவார்கள், என்ன விலை என்பார்கள், மாமியார் விலையைச் சொல்லிவிட்டு "நாங்க கேக்கல" என்பார். பக்கத்திலேயே சேலைத் தொட்டிலில் என் மகள் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருப்பாள். அவளை ஒருத்தரும் உறை நீக்கிப் பார்க்கவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அத்தை, சாயங்காலம் பிள்ளைய வச்சு அப்படியே பஜார் வரைக்கும் தள்ளிட்டுப் போய்ட்டு வரவா?"

"அந்தப் புழுதியிலயா?" என்றார். "உள்ள பூரா வெள்ளைத் துணி. வத்தத் தூசி பட்டா என்னத்துக்கு ஆகும்? அதுவும் பூசை போடாம வெளிய எடுக்கக் கூடாது."

பூசை போட்டால் எடுக்கலாம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நல்ல நாள் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். அவரும் அவர் அப்பாவிடம் சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குறித்தார்கள். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில். அதுவரைக்கும் வண்டியை மண்டி ஆட்கள் தூக்கித்தான் வந்தார்கள். அன்றைக்கு நான் கட்டிய சேலை கல்யாணத்துக்குப் பிறகு எடுக்காமலே வைத்திருந்தது. பூசை முடிந்ததும் வீடு வரைக்கும் நான்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன்.

எங்கள் வீட்டில் லோடு வண்டி வாங்கினால் எப்படிப் பூசை போடுவார்களோ அப்படியே போட்டார்கள். குடைக்கு மாலை, கைப்பிடிக்குச் சந்தனம், சக்கரத்துக்குக் குங்குமம். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். பூசாரி பிள்ளையில்லாமல் உருட்டச் சொன்னார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது, அதுபோலத்தான் இதுவும், வெறும் வண்டியைத் தள்ளினால் பிள்ளைக்கு ஆகாது என்றார். அதனால் என் மகளைப் படுக்கவைத்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்.

வண்டி நகரவில்லை. ஏன் நகரும்? லாரி ஏறினால் எலுமிச்சம்பழம் நசுங்கும். இது பஞ்சு மெத்தையும் ஒரு கைப்பிள்ளையும். பழம் கல் மாதிரி முட்டுக்கொடுத்து நின்றது. பூசாரி, "லேசாத் தூக்கித் தாண்டி வச்சிருங்க முதலாளி, போதும்" என்றார். நானும், "மாமா, பிள்ளைய எடுத்துக்கிறேன்" என்றேன்.

"சும்மா இரும்மா. நம்ம வண்டிக எதுலயாவது நசுங்காமப் போயிருக்கா? நசுங்கணும். நசுங்காட்டி திருஷ்டி வண்டியிலயே நின்னுரும்." மண்டி ஆளைக் கூப்பிட்டார். "ஏலே, தம் கட்டித் தள்ளு."

மூட்டை தள்ளிப் பழகியவன் தள்ளினான். ஒரு பக்கத்துப் பழம் நசுங்கியது, மறுபக்கத்துப் பழம் நழுவி ஓடியது. அந்தக் கேடுகெட்ட வண்டி உசரத்தில் ஸ்பிரிங்கில் நிற்பது. அப்படியே ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. என் கையில் ஆரத்தித் தட்டு இருந்தது. தட்டை விட்டெறிந்துவிட்டு, சரிந்து வந்த பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் கோயில் படிக்கல்லில் தலை மோதியிருக்கும். அவள் ஒரு நொடி மூச்சடைத்துப் போய், பிறகு வீறிட்டு அழுதாள். வண்டியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிமிர்த்தினார்கள்.

மாமியார் முழங்கால் வலியையும் பார்க்காமல் ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளைத் துணி பூரா ஆரத்தித் தண்ணி. இந்தக் கறை போகுமா என்னமோ" என்றார்.

பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. மாமனார் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கைப்பிடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். தூ என்று இருந்தது எனக்கு. இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள், ஒருத்தர் கண்ணுக்கும் என் பிள்ளை தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்தேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டார்களா என்று தெரியாது. அவர்களுக்கு அப்போது வேறு சிக்கல். பூசை போட்ட வண்டியை வீட்டுக்கு உருட்டித்தான் கொண்டுபோக வேண்டும், பிள்ளையில்லாமல் வெறுமனே தள்ளவும் கூடாது. கடைசியில், சுற்றி உடைப்பதற்காக வாங்கிவைத்திருந்த பூசணிக்காயைப் பிள்ளை படுத்திருந்த இடத்தில் வைத்து, குடையை மூடி, மாமனாரே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் மளிகைக் கடைக்காரர் "பேத்தியா?" என்று ஆசையாய்க் குனிந்து பார்த்தாராம். மண்டி ஆள் பிறகு இதைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

நான் பஜாருக்குள் போனேன். பிள்ளை இரண்டு கடை தாண்டுவதற்குள் அழுகையை நிறுத்திவிட்டு, தோளுக்கு மேல் தலையைத் தூக்கிப் பூக்கடை லைட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். கால் தானாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. திருச்சுழி பஸ் நின்றது. "ஏறும்மா, உக்கார சீட்டு இருக்கு" என்றார் கண்டக்டர். ஏறலாம் என்றுதான் படியில் கை வைத்தேன். ஏறினால் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்பார்கள், நாலு பேர் வந்து சமாதானம் பேசுவார்கள், திரும்பவும் ஸ்கூட்டரில் உட்காரவைத்து மாடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். நான் கேட்டது அம்மா வீட்டை அல்ல. இந்தத் தெருவைத்தான். கையை எடுத்துவிட்டேன். உண்டியலில் போடுவதற்கு வைத்திருந்த காசில் பருத்திப்பால் வாங்கி, பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றுகொண்டே குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது எல்லோரும் கூடத்தில் வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துணியைக் கழற்றிச் சலவைக்குப் போடுவதா, வாங்கிய மதுரைக் கடைக்கே அனுப்பி மாற்றுவதா என்று பேச்சு. வீட்டுக்காரர் மட்டும் எழுந்து வந்து, "எங்க போன?" என்றார். "நடந்துட்டு வந்தேன்" என்றேன். பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் மகளுக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு கூடப் போற?"

"எம்மக கூட" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.