வெறுந்தாளில் விழுந்த கோடு

திண்டிவனத்துச் சவுரிராயனைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். தெருவில் பாதிப்பேர் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். விழுப்புரத்து உரக்கடையில் பில் போடுகிற மனுஷன், வேலை விட்டதும் பழைய பேப்பர் கடையில் குந்திக்கொண்டு மலேயாவிலிருந்து எப்போதோ வந்த தபால் உறைகளைக் கிளறினால், அவர்களும் பாவம், வேறு என்னதான் சொல்வார்கள்?

கிளறியது ஸ்டாம்புகளுக்காக. அதே ராஜா, அதே கிரீடம், அதே சிவப்பு. ஆனால் தாள் இரண்டு வகை. ஒன்று வெறுந்தாள். இன்னொன்று மேலே சுண்ணாம்பு மாதிரி மாவு பூசிய தாள். சவுரிராயன் அதைச் சாக் தாள் என்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஓரத்தில் வெள்ளியை வைத்து லேசாக இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். சாக் தாளில் பென்சில் கீறல்போலக் கறுப்புக் கோடு விழும். வெறுந்தாளில் என்ன இழுத்தாலும் ஒன்றும் விழாது.

வெள்ளிக்கு அவர் எங்கேயும் அலையவில்லை. மனைவி பவுலினின் இடது கால் மெட்டி இருந்தது. பல வருஷம் தேய்ந்து, தாளைக் கிழிக்காத பதத்துக்கு அதன் விளிம்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் மெட்டியைக் கழற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். கோடு இழுப்பது அவள், பிரித்து வைப்பது அவர். இடது கைக்காரி. எப்போதும் கீழே இடப்பக்க மூலையில்தான் இழுப்பாள், ஒரு எள் நீளத்துக்கு.

“புருசன் உசுரோட இருக்கசொல்ல மெட்டிய கழட்டச் சொல்ற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். நான் செத்தாலும் கழட்டிக்கினுதான் அனுப்புவீங்க” என்று சிரிப்பாள்.

அப்படியே ஆயிற்று. போன வருஷம் கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். பெண்கள் அவளுக்குக் கல்யாணப் புடவை கட்டி, காலுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டினார்கள். மெட்டியோடேயே போகட்டும் என்றாள் பவுலினின் தங்கை லூர்துசெல்வி. பெட்டியை மூடும் முன் சவுரிராயன் சாக்ஸைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். நிமிர்ந்தபோது இடது மெட்டி அவருடைய உள்ளங்கையில் இருந்தது. ஏன் எடுத்தார் என்றால் அவருக்கே சொல்லத் தெரியாது. அவளுடையது ஏதாவது ஒன்று கையில் மிஞ்சட்டுமே என்று இருந்தது, அவ்வளவுதான்.

தவக்காலத்தில் புதிதாக ஒரு கட்டு ஸ்டாம்பு கிடைத்தது. தானே மெட்டியால் இழுத்துப் பார்த்தார், மேலே வலப்பக்க மூலையில். கோடு விழாததையெல்லாம் வெறுந்தாள் என்று ஒரு தட்டில் போட்டு, மெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினார். சாயங்காலம் வந்து பார்த்தால் மேலாக இருந்த ஸ்டாம்பில் ஒரு கோடு. கீழே, இடப்பக்க மூலையில். எள் நீளம்.

பென்சிலோ என்று ரப்பர் வைத்துத் தேய்த்தார். போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே மெட்டியை அழுத்தி இழுத்தார். ஒன்றும் விழவில்லை. சந்தேகமில்லாத வெறுந்தாள். அதில் வெள்ளிக் கோடு விழவே விழாது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளும் ஒரு கோடு. அதற்கடுத்த நாள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் போனார். அப்போதும் இருந்தது.

பயம் கொஞ்ச நாள்தான். அப்புறம், சொன்னால் சிரிப்பீர்கள், மனுஷன் வேலை விட்டதும் நேராக வீட்டுக்கு ஓடிவர ஆரம்பித்தார். காலையில் ஒரு வெறுந்தாள் ஸ்டாம்பை மெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, “வர்றேன் பவுலின்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். சாயங்காலம் கோட்டைப் பார்த்த பிறகுதான் காபி. செத்தவள் வந்து போகிற வீட்டுக்கு இவ்வளவு ஆசையாக ஓடிவருகிறவர் வேறு யாராவது இருப்பார்களா என்ன!

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் செதுக்க லூர்துசெல்வியும் அவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பாதி வேலையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. அக்கா கனவுல வந்துக்கினே இருக்குது. இங்கேர்ந்து எழுந்து உங்க வூட்டுக்கு நடந்து போவுது. நொண்டிக்கினே போவுது மாமா.”

சவுரிராயன் செதுக்குவதை நிறுத்தினார். “எந்தக் காலும்மா?”

“இடது காலு. இன்னாக்கா ஆச்சுன்னு கேட்டா வெரலக் காட்டுது. பேச மாட்டேங்குது. ஒரு நாளு கூட உடல, தெனம் போவுது.”

மெட்டி விஷயம் அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆசை ஆசையாகத் தினமும் ஸ்டாம்பை எடுத்து வைத்தவர் அவர்தான். அந்த ஒரு கோட்டுக்காக அவள் தினமும் இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

திருநாளன்று சாயங்காலம் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. சவுரிராயன் அவளுடைய கால்மாட்டில் உட்கார்ந்தார். மெட்டியைக் கொடுத்துவிட்டால் இனி அவள் வர மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். லூர்துசெல்வி கிளம்பிப் போனாள். ஒரு மெழுகுவர்த்தி முழுசும் எரிந்து தீரும்வரை மூடிய கையைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை. பிறகு விரலாலேயே மண்ணைத் தோண்டி, மெட்டியை உள்ளே வைத்து மூடினார்.

“போட்டுக்க பவுலின். இனிமே நடக்காத.”

மறுநாள் காலை, பழக்கம் விடுமா, ஒரு ஸ்டாம்பைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் வராததுமாக லென்ஸை எடுத்தார். நாலு மூலையும் சுத்தமாக இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்து மறுபடியும் பார்த்தார். வெறுந்தாள் வெறுந்தாளாகவே இருந்தது.

“கால் வலி போச்சா?” என்று அதைப் பார்த்துக் கேட்டார். அப்புறம், அவள் செத்த அன்றைக்குக் கூட அழாத மனுஷன், வாய்விட்டு அழுதார்.