இருநூற்றுப் பத்துப் படிகளும் ஒரு தராசும்

ஓர் உடம்பு நன்றாக இருக்கிறது என்று எதைப் பார்த்துச் சொல்வது? உயரமான கட்டடங்கள் எழும் இடத்தில் கிரேன் ஓட்டிய அந்தப் பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயதில் அவள் தினமும் காலை ஏழு மணிக்கு இருநூற்றுப் பத்து இரும்புப் படிகள் ஏறினாள். சாய்வே இல்லாத நேர் ஏணி. முப்பது படிக்கு ஒரு தட்டு உண்டு, நின்று மூச்சு வாங்கிக்கொள்ள. அவள் நான்காவது தட்டில் மட்டும் நிற்பாள், அதுவும் கையுறையை இழுத்துவிடத்தான். பதினோரு நிமிடத்தில் உச்சியிலுள்ள கேபினில் உட்கார்ந்திருப்பாள். அவள் எடை தொண்ணூற்றேழு கிலோ.

கீழே எல்லோரும் அவளை மேகம் என்றார்கள். தரையில் நின்று அவளுக்கு வாக்கி டாக்கியில் எப்போது தூக்கணும், எங்கே இறக்கணும் என்று சொல்லும் சிக்னல்காரர் வைத்த பெயர் அது. முதல் நாள் அவள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "கனமாவும் இருக்கு, மேலயும் போகுது" என்றாராம். அவளும் சிரித்து ஏற்றுக்கொண்டாள். சிரிக்காவிட்டால் இதைவிட மோசமான பெயர் வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொண்டவள்.

மேலே கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். மதியம் இறங்கியதும் இரண்டு பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்வாள். தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். எவ்வளவு எடை என்று கேட்காமல் எதையும் தூக்கமாட்டாள். கம்பிக் கட்டோ, சிமெண்ட் தொட்டியோ, "எவ்வளவு?" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பதில் வந்தால்தான் கொக்கி அசையும்.

அந்த வருடம் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். உயரத்தில் வேலை செய்பவர்கள் தொண்ணூறு கிலோவைத் தாண்டக்கூடாது. ஆறு வாரம் கழித்து மருத்துவப் பரிசோதனை. தேறாதவர்களுக்குக் கீழே பொருள் கிடங்கில் வேலை. சம்பளம் குறையாது என்றும் எழுதியிருந்தது. அவளுக்குச் சம்பளம் பெரிதாகப் படவில்லை. அந்தக் கண்ணாடிக் கூண்டுதான் உலகத்திலேயே அவள் உடம்பை யாரும் பார்க்காத ஒரே அறை. அங்கே அவள் இருக்கும்போது எல்லோருடைய கண்ணும் கொக்கியின் மேல்தான் இருக்கும்.

தாளைப் படித்த கணத்திலிருந்து அது தன்னை வைத்து எழுதியது என்றே அவளுக்குப் பட்டது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அவளும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா துணிக்கடையில் வேலை பார்த்தாள். இளைக்க முயற்சி செய்யாத ஒரு வருடம் அக்காவின் வாழ்க்கையில் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டாள்.

"ஏழு கிலோதானடி. நான் எத்தனை தடவை குறைச்சிருக்கேன் தெரியுமா?"

"அதே ஏழு கிலோவைத்தானே அக்கா?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். காலையில் வெள்ளரிக்காய், மதியம் இரண்டு முட்டை, இரவில் காய்கறி வெந்த தண்ணீர். நான்கு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது. இதுவரை அவளை நிமிர்ந்து பார்க்காதவர்களெல்லாம் நின்று விசாரித்தார்கள். வீட்டுத் தெருமுனை டீக்கடைக்காரர் பத்து வயசு குறைஞ்சுட்டீங்க என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கேபின் கண்ணாடியில் தன் தாடை எலும்பு தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஏணிக்கு இப்போது பதினேழு நிமிடம் ஆவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி வாரம் வீட்டுத் தராசின் முள் தொண்ணூற்றொன்றில் நின்று அசைய மறுத்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர் இல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிய வித்தை; அதை ஒரு நாளுக்கு நீட்டினால் போதும். பரிசோதனைக்கு முந்தின நாள் மதியத்தோடு தண்ணீரை நிறுத்தினாள்.

மறுநாள் காலை நான்காவது தட்டில் கையுறையை இழுத்தபோது கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இடுப்புப் பட்டையின் கொக்கியைக் குறுக்குக் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேகம், என்னாச்சு?" என்றது வாக்கி டாக்கி.

"ஒண்ணுமில்லண்ணே. உக்காந்திருக்கேன்."

"நீ உக்கார்ற ஆள் இல்லையே" என்றார் சிக்னல்காரர்.

பாதுகாப்பு அதிகாரியே ஏறி வந்தார். வந்து சேர்ந்தபோது அவர் முகம் அவளுடையதைவிட வெளுத்திருந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீரை அவளிடம் கொடுத்துவிட்டு, தோளில் தொங்கிய சிவப்புப் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். மயங்கியவரைக் கயிற்றில் இறக்கும் மீட்புப் பை அது. பாட்டில் பாதி காலியானதும் அவள் கேட்டாள்.

"சார், அந்தத் தொண்ணூறு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் பையைத் திருப்பி அதிலிருந்த சீட்டைக் காட்டினார். "இது நூறு கிலோதான் தாங்கும். பூட்ஸ், பட்டை, மத்த சாமானெல்லாம் பத்து கிலோ. மிச்சம் தொண்ணூறு."

"இதைப் போர்டுல எழுதியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

அது உண்மைதான். பதினோரு வருடத்தில் ஒரு செங்கல் கட்டைக்கூட விசாரிக்காமல் தூக்கியதில்லை. எவ்வளவு தூக்கலாம் என்று கிரேனின் கையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை, அது இரும்பின் கணக்கு. தன் உடம்பைப் பற்றிய எண் என்றதும் அதை வசவாக எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறாள்.

"பெரிய பை கிடைக்காதா சார்?"

"கிடைக்கும். நூத்தி நாப்பது தாங்குறதுகூட இருக்கு." சீட்டை மறுபடி பார்த்தார். "எனக்குத் தோணவே இல்லை."

இருவருக்குமே தோன்றவில்லை. பையை அப்படியே விட்டு உடம்பை மாற்றுவதுதான் எளிது என்று இரண்டு பேருமே நம்பியிருந்தார்கள்.

தன் காலாலேயே இறங்கினாள். மருத்துவரின் தராசு எண்பத்தொன்பதரை காட்டியது. விதிப்படி தேறியாயிற்று. ஆனால் அந்த அம்மாள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். எடை ஒரு பொருட்டே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, முழங்காலும் காலத்துக்கும் சுமக்காது, மெதுவாகக் குறைப்பது நல்லதுதான் என்றார். "ஆனா ஏறணும்னா சாப்பிடணும். குடிக்கணும். பட்டினி கிடந்த உடம்பை நான் மேல அனுப்பமாட்டேன்."

மூன்று வாரம் கிடங்கில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், மாலையில் நடந்தாள். தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அக்கா அதை வெளியே இழுக்கவில்லை; ஒருநாள் தன் தட்டிலும் ஒரு முட்டையை வைத்துக்கொண்டாள். பிறகு மருத்துவர் அவளை மூன்றாவது தட்டுவரை ஏறி இறங்கச் சொல்லி நாடியை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்று எடை தொண்ணூற்று மூன்று. பெரிய பை வந்துவிட்டிருந்தது. பலகையில் புதிய தாளில் எண்ணோடு காரணமும் இருந்தது. முதல் காலை பன்னிரண்டு நிமிடத்தில் மேலே போனாள். கேபினில் இப்போது ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தது. நடுவில் ஒருமுறை இறங்கி ஏறுவதற்கு நேரம் கேட்டு வாங்கியிருந்தாள்.

அடுத்த வருடம் வேறொரு இடத்தில் வேலை. சிக்னல்காரரும் கூடவே வந்திருந்தார். அங்கே இரண்டு கிரேன்கள். ஒன்று புதியது, ஓட்டுபவருக்கென்று உள்ளேயே சிறிய லிஃப்ட், பொத்தானை அழுத்தினால் மூன்று நிமிடத்தில் கேபின். மற்றது பழையது, ஏணிதான், அதே இருநூற்றுப் பத்துப் படி. மூத்தவள் என்பதால் எது வேண்டும் என்று முதலில் அவளைக் கேட்டார்கள். பழையதைக் காட்டினாள்.

பெட்டிக்குள் அடைபடப் பயம் என்றார்கள் சிலர். டாக்டர் சொல்லியிருப்பார் என்றாள் அக்கா. வீம்பு என்றார் டீக்கடைக்காரர். முதல் நாள் காலை அவள் நான்காவது தட்டில் நின்று கையுறையை இழுத்துவிட்டபோது சிக்னல்காரர் நேராகவே கேட்டார்.

"ஏன் மேகம், லிஃப்டை விட்டுட்டு?"

அவள் மீதிப் படிகளை ஏறி, உட்கார்ந்து, பதினோரு நிமிடம் என்று கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"முதல் லோடு எவ்வளவுண்ணே?"