பிடி அரிசி இட்லி

என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு மேல் நான் படிக்கவில்லை என்பதால் அந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதினிக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சீர்ச் சாமான்களோடு வேனில் ஒரு கிரைண்டரும் வந்து இறங்கியது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கிரைண்டர். அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கரண்டு இருந்தால்தானே ஓடும் என்றாள். அன்றோடு கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லுக்கு வேலை போயிற்று. குழவியைச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். குழியில் வேப்பஞ்சருகு நிறைந்தது. காலையில் அதன் விளிம்பில் உட்கார்ந்து பல் தேய்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

மதினிக்கு ஒரு பழக்கம் இருந்தது. கண்ணில் படுகிற எதிலும் அவளுக்கு ஆண்டவர் ஒரு பாடம் வைத்திருப்பார். கரண்டு போய்விட்டால், வெளிச்சம் இருந்தவரை நாம் விளக்கைத் தேடவில்லையே, ஜெபமும் அப்படித்தான் என்பாள். அண்ணன் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தான். ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திக் கட்ட வேண்டும் என்று அவன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டான். மதினி பரிமாறுவதை நிறுத்திவிட்டு, "அம்புட்டு இழை இருந்தும் அந்த ஒண்ணுக்காவ நிக்குது பாத்தீயளா. ஆண்டவரும் அப்படித்தான் நிக்காரு" என்றாள்.

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்க தறி நின்னா மொதலாளி ஏசுவாரு. அம்புட்டுதான்" என்றான்.

மில்லில் ஷிப்டு வேலை பார்த்த அப்பாவுக்கு இதெல்லாம் வெகுவாகப் பிடித்துவிட்டது. மருமகளுக்குச் சின்ன உபதேசியார் என்று பேர் வைத்தார். எங்கள் சபையில் ஆராதனை நடத்துகிற பெரிய உபதேசியாரின் காதுக்கும் அந்தப் பேர் போயிற்று. அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டால் உப்பு, புளி போட்டால் புளி, அதில் என்ன பாடம் கிடக்கிறது என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். ஒரு வார்த்தையை மருமகளைப் பார்த்துச் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துச் சொல்வது அம்மாவின் முறை.

அம்மாவுடைய பக்தி வேறு மாதிரி. எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். கோயில் வளாகத்திலேயே சமைத்து, ஏழை பணக்காரன் பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்கான அரிசி வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். அசனத்துக்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதற்குப் பிடி அரிசி என்று பேர். கொடுப்பதை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் மூலையில் இருக்கிற மண்பானையில் அந்தப் பிடியைப் போடுவாள். அத்தனை மாதமும் மறைத்ததை அசனத்தன்று காலையில் மட்டும் சபையார் எல்லோரும் பார்க்கும்படி, விரித்த பாயில் சரசரவென்று கொட்டுவாள். அன்று அம்மா உடுத்துகிற சேலை வேறு எந்த நாளிலும் வெளியே வராது.

மதினி வந்த வருஷம், அசனத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, கோயிலைக் கழுவிவிட அம்மா மற்ற பெண்களோடு போனாள். புறப்படும்போது, வெளியூர்ச் சொந்தங்கள் காலையில் வந்துவிடுவார்கள், இட்லிக்கு ஊறப் போடு, அரிசி கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று சொன்னாள். உளுந்தை ஒரு தட்டில் அளந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் மதினியை நம்பி அம்மா ஒப்படைத்த முதல் வேலை அதுதான். மதினிக்கு அது தெரிந்திருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே அடுப்படிக்குள் போனாள்.

மூலைப் பானையைத் திறந்து பார்த்தாள். ரேஷன் அரிசி, கடை அரிசி, குருணை, பச்சரிசி, புழுங்கல் எல்லாம் கலந்து கிடந்தன. அவள் அம்மா வீட்டிலும் இப்படி ஒரு பானை உண்டு. மிஞ்சுகிற அரிசியையெல்லாம் அதில் போட்டு வைத்து இட்லிக்கு ஊற வைப்பார்கள். அவர்கள் போகிற சபையில் காணிக்கை பெட்டியில்தான் விழும். பிடி அரிசி என்ற பேச்சே அங்கே கிடையாது. மதினி பானையோடு கவிழ்த்து ஊறப் போட்டுவிட்டாள். அண்டாவைப் பிடித்தவன் நான்தான். அம்மா மறைத்து மறைத்துப் போட்டதால், அசனத்தன்று கொட்டுகிற அரிசி அந்தப் பானையில்தான் சேர்கிறது என்று எனக்கும் தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். கவிழ்த்து வைத்த மண்பானையைப் பார்த்தாள். அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அரிசி நகத்தில் நசுங்கியது.   

"ஏ பிள்ள, அது கோயிலுக்கு எடுத்து வச்ச அரிசி."

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கதவு மாதிரியே நின்றான். கடையில் அரிசி வாங்கிக்கொள்ளலாமே என்று அப்பா மெதுவாகச் சொன்னார். கடையில் வாங்கிக் கொட்டினால் அது பிடி அரிசி ஆகுமா என்று அம்மா கேட்டாள். அப்பா நைட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று டிபன் கேரியரைத் தேடினார். ஊறியதை மாட்டுக்கு வைத்துவிடுங்கள், நாளைக்கு நான் கோயிலுக்கு வரவில்லை என்றாள் அம்மா. அசனத்துக்கு அம்மா போகாத வருஷம் அதுவரை கிடையாது. போகாவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். மருமகள் கோயில் அரிசியை ஊறப் போட்ட கதை சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

மதினி முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "கொழுந்தனாரே, அசனத்துக்குக் காய் வெட்ட ஆளுக எப்ப வருவாவ?"

கோழி கூப்பிடும்போதே வந்துவிடுவார்கள் என்றேன். என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். வரக்காப்பிதான், மத்தியானம் பந்தி போடுகிறவரை வேறு ஒன்றும் கிடையாது என்றேன். அவள் எழுந்தாள்.

"அத்தை, இது நாளைக்கு அவியளுக்குப் போவட்டும். அரிசியா போனா என்ன, இட்லியா போனா என்ன. ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

"கண்ட அரிசியும் கலந்து கெடக்கு. நான் வச்ச உளுந்து இதுல பாதிக்குக்கூடக் காணாது" என்றாள் அம்மா, இந்தத் தடவை அடுப்பைப் பார்க்காமல். "கல்லு மாதிரி வரும். காலம்பூரா கல்லு இட்லின்னு உனக்குப் பேரு வச்சிருவாளுவ."

"வைக்கட்டும் அத்தை. வேற உளுந்து இருக்கா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா போய்ப் படுத்துக்கொண்டாள்.

மதினி அவ்வளவையும் கிரைண்டரில் ஈடு ஈடாக அரைத்தாள். எனக்கே தெரிந்தது, மாவு பொசுபொசுவென்று இல்லை, சுண்ணாம்பு மாதிரி கீழே போய் உட்கார்ந்தது. அவள் உப்புப் போட்டுக் கரைத்து, அண்டாவை அடுப்படி மூலையில் வைத்து, மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெகு நேரம் கண்ணை மூடியிருந்தாள். நான் பக்கத்திலேயே தூங்கிப்போனேன்.

விடியும் முன்னே மதினியின் குரல் கேட்டுத்தான் எழுந்தேன். மாவு பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு, அண்டாவின் பக்கவாட்டில் வழிந்து நின்றது. விரலை விட்டால் பஞ்சுக்குள் விட்ட மாதிரி இருந்தது. மதினி அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாத்தீயளா அத்தை, ஆண்டவர் பொங்க வச்சிட்டாரு."

அம்மா தலையை முடிந்துகொண்டே வந்து பார்த்தாள். "சரி சரி. அடுப்பைப் பத்த வை, நேரமாவுது" என்றாள்.

நான் பல் தேய்க்கக் கொல்லைக்கு ஓடினேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். ஆட்டுக்கல் ஈரமாக இருந்து, கால்சட்டை பின்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. மாற்றிக்கொள்ள நேரமில்லை. பத்து வயதில் படுக்கையை நனைத்துவிட்டான் என்று அண்ணன் கோயில் வாசல் வரை கேலி செய்துகொண்டே வந்தான்.

அண்ணன் வேலை பார்க்கிற இடத்திலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் துணியைத் துவைத்துத் தட்டில் விரித்து, அதில் இட்லி ஊற்றினோம். மல் துணியைவிட அதில் இட்லி ஒட்டாமல் வரும். வந்த சொந்தங்களுக்குப் போக, வெந்தது வெந்தபடி ஓலைப்பெட்டியில் அடுக்கிச் சைக்கிளில் கட்டினோம். கோயில் வளாகத்தில் பெண்கள் பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வாழையிலைத் துண்டில் இட்லியும் பொரிகடலைச் சட்னியும் வைத்துக் கொடுத்துக்கொண்டே போனாள் மதினி. முதலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பசியில் சாப்பிட்டார்கள். இரண்டாவது தடவை இலையை நீட்டும்போதுதான், இது எந்த வீட்டு மாவு என்ற பேச்சு எழுந்தது. எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு உளுந்து போட்டாய் என்று ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கு அளவு தெரியாதுக்கா. அது ஆண்டவர் போட்ட அளவு" என்றாள் மதினி.

அம்மாவும் வந்திருந்தாள். அசனத்துச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள். வந்த வேகத்தில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

காணிக்கை நேரத்தில் மற்ற வீட்டார் பாயில் அரிசியைக் கொட்டினார்கள். எங்கள் முறை வந்தபோது மதினி காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னே போய் நின்றாள். உபதேசியார் சிரித்துவிட்டு, உங்கள் வீட்டுப் பிடி அரிசி எங்கள் வயிற்றில் இருக்கிறது, நீயே நாலு வார்த்தை சொல்லம்மா என்றார். கல்யாணமாகி ஒரு மாதம் முடியாத பெண் அந்தக் கோயிலில் முன்னே நின்று பேசியது அதுதான் முதல் தடவை. தெரியாமல் செய்த பிழையை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு, "பானைக்குள்ள ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாத்தான் கெடந்துது. ஊறி அரைபட்ட பொறவு எது ரேஷன் அரிசி, எது கடை அரிசின்னு யாருக்குத் தெரியும்? புகுந்த வீட்டுல நானும் அப்படிக் கலந்திரணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க" என்றாள். பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. கோயிலுக்குள் கைதட்டுவது எங்கள் வழக்கம் இல்லை. உபதேசியாரும் தட்டினார். நான் எழுந்து நின்று தட்டினேன். நனைந்த கால்சட்டை அப்போது எனக்கு மறந்தே போயிற்று.

அடுத்த வருஷத்திலிருந்து அசனத்தன்று விடியற்காலையில் காய் வெட்டுகிறவர்களுக்கு இட்லி கொடுப்பது சபையின் வழக்கமாகிவிட்டது. இன்றும் நடக்கிறது. மதினி இப்போது பேரன் எடுத்துவிட்டாள். ஆண்டவர் தனக்காக மாவைப் பொங்க வைத்த சாட்சியை இன்றும் சபையில் சொல்கிறாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எங்கள் வீட்டில் உளுந்த வடை இல்லை. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த உளுந்தில் வண்டு விழுந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்று அம்மா சொன்னாள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி மதினியின் சாட்சியை நம்பி, கலந்த அரிசிக்குக் கொஞ்சம் உளுந்து போட்டு ஒருநாள் அரைத்தாள். நல்ல பிள்ளையாக அவளும் மூடியின் மேல் கை வைத்து ஜெபித்தாள். இட்லி சுவரில் எறிந்தால் திரும்பி வருகிற மாதிரி வந்தது. ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு அவள், "அந்த ராத்திரி யாரோ பொறவு எந்திரிச்சு உளுந்து ஆட்டிப் போட்டிருக்காவ" என்றாள். கிரைண்டர் ஓடியிருந்தால் வீடே முழித்திருக்குமே என்று நான் வாதாடினேன். வாதாடும்போதே என் கால்சட்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அம்மா அப்போதும் உயிரோடுதான் இருந்தாள். நான் கேட்கவில்லை. மதினியிடமும் சொல்லவில்லை. ஆண்டவர் பொங்க வைத்தார் என்று அவள் சொல்வதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த அசனத்தன்று காலையில் மேற்கே அய்யனார் கோவில் மலையில்கூட மழை இல்லை. வாசல் மண் காய்ந்து கிடந்தது. ஆட்டுக்கல் குழியில் ஒரு வேப்பஞ்சருகுகூட இல்லை. கல் மட்டும் சுத்தமாகக் கழுவி, ஈரமாக இருந்தது. யார் இதில் தண்ணீரை ஊற்றியது என்று வீடு முழுவதும் கேட்கும்படி நான் கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். குற்றம் செய்தவள் அகப்பட்டுக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.