ஒற்றைப்படை மாதத்துப் பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன்காரர்கள் அப்போதுதான் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள் ஒரு ரப்பர் வாத்து, குழந்தையைப் போர்த்த இரண்டு துணி. மாடி அறையைப் பூட்டிவிட்டு இறங்கினேன். மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். உள்ளே திருட ஒன்றும் இல்லை. புதிதாக ஒரு தொட்டில் ஸ்பிரிங்கை உத்தரத்தில் மாட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

என் மனைவி கமலம் தலைப்பிரசவத்துக்காகப் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. நவம்பர் ஆறாம் தேதி பெண் குழந்தை. தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்ததாகக் கடிதம் வந்தது. முகம் கடிதத்தில் வராதே. நான் வேலை பார்க்கும் பலகைக் கிடங்கு ஒரு சீனத் தௌக்கேயுடையது; முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு மட்டும்தான் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கிடங்கில் நிற்க வேண்டும். அதற்குள் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பச்சைக்குழந்தையை ஒற்றைப்படை மாதத்தில்தான் தகப்பன் வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். நாள்காட்டியைப் பத்துத் தடவை எண்ணிப் பார்த்திருந்தேன். நவம்பர் ஆறிலிருந்து பிப்ரவரி ஆறு, மூன்று மாதம். ஒற்றை.

எங்கள் தீவில் எங்கே போனாலும் ஒரு பஸ்ஸில் வேலை முடிந்துவிடும். மலாயா அப்படியல்ல, பெரிய நாடு. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். விசாரித்து விசாரித்து ஒரு சிக்கன வழி கண்டுபிடித்தேன். சிங்கப்பூரில் ரயில் ஏறாமல் பஸ்ஸில் உட்லண்ட்ஸ் வழியாகப் பாலத்தைக் கடந்து ஜோகூர் போய், அங்கே மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்குவது. பஸ்ஸுக்கு அறுபது காசு, கோலாலம்பூருக்கு ஒன்பது வெள்ளி. கொஞ்சம் மிச்சம்.

மிச்சம் பிடித்த லட்சணம் ஜோகூரில் தெரிந்தது. பெருநாளுக்கு ஊர் திரும்பும் சீனக் குடும்பங்கள் சிங்கப்பூரிலேயே ஏறி, ஆரஞ்சுப் பழப் பைகளோடு எல்லாப் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருந்தன. குளுவாங் வரை ஒற்றைக்காலில் நின்றேன். வழிநடையில் துணிப்பெட்டியோடு இருந்த ஒரு நாகூர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு நிக்கிறீங்க தம்பி? பெட்டி மேல உக்காருங்க."

"அமுங்கிடுமே பாய்."

"நீங்க இருக்கிற இருப்புக்குக் கைக்குட்டைகூட அமுங்காது. உக்காருங்க லா."

அவருக்குக் கோலாலம்பூரில் துணிக்கடை. அங்கிருந்து கோலாலம்பூர் வரை அந்தப் பெட்டியின் மேல்தான் போனேன். டிக்கெட் இருக்கிறதா என்று சட்டைப்பையை நான் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம், "இருக்கு தம்பி, இருக்கு" என்பார். சிகாமட் தாண்டியதும் குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்யவில்லை. மாலை ஆறு மணிக்கு இறங்கியதும் கடை மாடியில் படுத்துக்கொள்ளச் சொன்னார். வாடகை என்று பேச்செடுத்தேன், முறைத்தார்.

திங்கட்கிழமை, பெருநாள். காலை ரயிலில் தாப்பா ரோடு தொண்ணூறு மைல், நாலு வெள்ளி. கூட்டமே இல்லை. நினைத்த இடத்தில் உட்காரலாம். என்னால்தான் உட்கார முடியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்கினால் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் இல்லை, டிரைவருக்கும் பெருநாள். ஒரே ஒரு டாக்சி நின்றது. ஓட்டுநர் நம் ஆள்.

"ஆளுக்கு ஒரு வெள்ளி அண்ணே. நாலு பேர் சேர்ந்ததும் எடுத்துடலாம்."

அரைமணி நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. இங்கிருந்து ஒன்பது மைல்தான். ஐந்து மாதம் பொறுத்தவனுக்கு அந்த அரைமணி பொறுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் கட்டணத்தை நான் ஒருவனே கொடுத்தேன்.

"அப்படின்னா நாலு பேர் மாதிரி விரிச்சு உக்காருங்க லா!" என்றார் ஓட்டுநர். நான் ஓரமாகவே உட்கார்ந்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மாமியார் வீட்டு வாசலில் கமலம் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். "தனி டாக்சியா? சிங்கப்பூர் தௌக்கே வந்துட்டாரு" என்றாள். பிறகு குழந்தையை என் கையில் வைத்தாள். எப்படிப் பிடிப்பது என்று பயந்து முழங்கையை இறுக்கிக்கொண்டேன். ஜாடை கமலத்தின் ஜாடை. நெற்றியைச் சுருக்குவது மட்டும் என்னைப் போல.

சாப்பிட்டு முடித்ததும், புதன்கிழமை காலை மூவரும் புறப்படலாம் என்றேன். மாமியார் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"இந்த மாசத்துலயா மாப்பிள்ளை? இது நாலாம் மாசமாச்சே."

"மூணுதான் அத்தை. நவம்பர் ஆறு..."

"உங்க இங்கிலீஷ் காலண்டர் கெடக்கட்டும். புள்ள பொறந்தது ஐப்பசி. கார்த்திகை, மார்கழி, தை." நாலு விரல் நீட்டினார். "ரெட்டைப்படை. மாசி பொறக்கட்டும், அனுப்புறேன்."

மாசி பிறக்க ஒரே வாரம்தான். அந்த ஒரு வாரம் என்னிடம் இல்லை. அடுத்த நீண்ட விடுமுறை எப்போது என்று தௌக்கேவுக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை முழுவதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாத்தை அவள் சட்டை செய்யவில்லை. என் சட்டைப் பொத்தானைத்தான் பிடித்தாள்.

அன்று மாலை கமலம் சொன்னாள்: "ஏங்க, வழியை எழுதிக் கொடுங்க. மாசியில நானே வர்றேன்."

"கைப்புள்ளயோட ஒத்தையிலயா?" என்று மாமியார் கத்தினார்.

"ஒத்தை வேணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? ஒத்தையாவே போறேன்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலை தனியாகப் புறப்பட்டேன். பிரம்புக் கூடையில் குழந்தையின் துணிமணிகளைக் கமலம் அடுக்கிக் கொடுத்தாள், வரும்போது சுமை குறையட்டும் என்று. கோலாலம்பூரில் இறங்கி நேரே துணிக்கடைக்குப் போனேன். மாசியில் கமலம் தனியாக வரப்போகும் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாய், "எங்க வூட்ல பொம்பளைங்க இருக்காங்க. ராத்திரி தங்கிட்டுக் காலையில ரயில் ஏறட்டும். ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். நீங்க மூச்சு விடுங்க தம்பி" என்றார்.

வியாழக்கிழமை ரயிலில் பக்கத்து இருக்கையில் கூடையை வைத்துக்கொண்டு வந்தேன். சிரம்பானில் ஒரு சீன அம்மாள் ஏறி, மலாயில், இங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். கூடையை மடிக்கு எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் கமலத்துக்காகக் குறித்துக்கொண்டே வந்தேன்: எந்த ஸ்டேஷனில் வெந்நீர் கிடைக்கும், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், கெமாஸில் ரயில் எத்தனை நிமிடம் நிற்கும். என்னைப் போல ஜோகூரில் இறங்கிக் காசை மிச்சம் பிடிக்காதே, சிங்கப்பூர் வரை டிக்கெட் எடு என்று இரண்டு இடத்தில் எழுதினேன். தாப்பா ரோட்டுக்கு வரும் டாக்சியில் நாலு பேர் சேரும் வரை காத்திரு என்று எழுதி, அடித்துவிட்டு, காத்திருக்காதே என்று எழுதினேன். மொத்தம் ஆறு பக்கம். மறுநாளே தபாலில் சேர்த்தேன்.

இன்று பதில் வந்தது. எழுத்தெல்லாம் சாய்ந்திருக்கிறது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். "மாசி பன்னிரண்டு சனிக்கிழமை புறப்படுகிறேன். ஞாயிறு மாலை வந்து சேருவேன். வெந்நீர், வெயில், பாய் வீடு எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர் ஸ்டேஷனில் நீங்கள் நிற்பீர்களா என்று மட்டும் ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை."

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மைதான், எழுதவில்லை.

அந்த ஞாயிறு வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வேலை முடிந்ததும் தேக்காவிலிருந்து பஸ் ஏறி ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். பதினைந்து காசு, முப்பத்தைந்து நிமிடம். கோலாலம்பூர் ரயில் எந்த மேடைக்கு வரும் என்று விசாரித்தேன். மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.