விதை உடைந்த வருஷத்துத் திராட்சரசம்

பெரிய பழம்தான் நல்ல பழம் என்று நினைக்கிறவர்களிடம் திராட்சையைப் பற்றி நான் பேசுவதே இல்லை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். சொந்தக்காரியாக அல்ல. அப்பா, அம்மா, அண்ணன், நான், நான்கு பேரும் அங்கே கூலிக்கு இருந்தோம். தோட்டத்து முதலாளி வீட்டில் அவர்களுக்குள் தெலுங்கு பேசிக்கொள்வார்கள். எங்களைத் திட்டுவதற்குத் தமிழ்.

அது சரிவான நிலம். கீழ்ப் பக்கம் கிணற்று வாய்க்கால் ஓடும். மண் கறுப்பு, பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை குண்டு குண்டாகத் தொங்கும். பார்க்க அழகு, வாயில் போட்டால் தண்ணீர். மேல் பக்கம் முழுக்கச் சுக்கான்கல், சுண்ணாம்புக் கட்டி கலந்த மண். தண்ணீர் அங்கே ஏறுவதற்குள் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிடும். கொடி தவித்துத் தவித்து, சுண்டைக்காய் அளவுக்குத்தான் காய்க்கும். ஆனால் தோல் தடிப்பு, நிறம் கருநீலம், கடித்தால் தித்திப்பு நாக்கைவிட்டு இறங்காது. ஐப்பசி அடைமழையில் கீழ்ப் பழமெல்லாம் ஊதி வெடிக்கும்போது மேட்டுப் பழம் அப்படியே இருக்கும், ஏனென்றால் அங்கே தண்ணீர் நிற்பதே இல்லை. வியாபாரிகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் மேட்டுப் பழம் கூலிக்காரர்களுக்கு என்று ஆயிற்று. எங்களுக்குக் கொடுத்ததிலேயே நல்ல பொருள் அது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் கொடுத்தது.

கல்யாணம் முடிந்து டவுனுக்கு, கணபதி என்கிற பகுதிக்கு வந்தேன். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. ஒரு மகள். ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் அண்ணன் இரண்டு கூடை மேட்டுப் பழத்தை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். நான் கிறிஸ்துமஸுக்குத் திராட்சரசம் போடுவேன்.

என் கைப்பக்குவத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. பறிப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே கொடிக்கு ஏறுகிற கொஞ்சத் தண்ணீரையும் நிறுத்தும்படி அண்ணனிடம் சொல்வேன். பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும். தோல்மேல் சாம்பல் பூத்தது போல் ஒரு படலம் இருக்குமே, அது போகும்படி கழுவக் கூடாது. நுரைக்க வைப்பதே அதுதான். காம்பு ஒன்றுகூட இல்லாமல் கிள்ளிவிட வேண்டும். பிறகு கையால் பிசைய வேண்டும். தோல் கிழிய வேண்டும், விதை உடையக் கூடாது. அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். பீங்கான் ஜாடியில் சர்க்கரை சேர்த்துத் துணி கட்டி, காலையும் மாலையும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து வடிகட்ட வேண்டும். வடிகட்டும்போது சக்கையைப் பிழியக் கூடாது. ஆசைப்பட்டுப் பிழிந்தால் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிவிடும். மேலும் ஒரு மாதம் அசையாமல் இருந்தால் அடியில் வண்டல் தங்கி, மேலே தெளிவாக, மாணிக்க நிறத்தில் நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். எங்கள் சபைப் போதகரின் மனைவிக்கு ஒரு பாட்டில் கொடுத்திருந்தேன். அவர் நல்ல மனுஷி, வெளியூர்க்காரர், எங்கள் ஊர் நெளிவுசுளிவு தெரியாதவர். கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு வாங்கி வைத்திருந்த ரசம் புளித்துப்போய்விட்டது என்று ஓடி வந்தார். என்னுடைய ஜாடியிலிருந்து ஒரு கூஜா நிறைய ஊற்றிக் கொடுத்தேன். புதுவருஷத்தின் முதல் ஞாயிறு, சபை முழுக்க முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து அதைக் குடித்தது. நானும் குடித்தேன். வாழ்க்கையில் அத்தனை பெருமையாக நான் எந்த இடத்திலும் முழங்காலிட்டதில்லை.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் அதே பேச்சுதான். சபைச் செயலாளரின் மனைவி, பட்டறை வைத்திருக்கிற வசதியான வீட்டு அம்மாள், போதகரின் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்த ரசம் எந்தக் கடையில வாங்குனீங்க? என்னா ருசிங்க!"

"கடையா? நம்ம இவங்கதான் செஞ்சாங்க. எல்லாம் கையாலயே பிசைஞ்சதாம்" என்று அவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

செயலாளர் மனைவியின் முகத்தில் சிரிப்பு இருந்தது இருந்தபடியே நின்றது. என் கையைப் பார்த்தார். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் தோட்டத்துக் காலனியிலிருந்து வந்தவர்கள், அவர்கள் நிலம் வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். ஞானஸ்நானத் தண்ணீர் நெற்றியில் பட்டதே தவிர, இந்தக் கணக்கு வரைக்கும் இறங்கவில்லை.

அடுத்த மாதத் திருவிருந்துக்கும் என்னுடைய ரசம்தான். அன்று முன்வரிசை நான்கும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் வயிறு சரியில்லை என்றார், ஒருவர் மனசு சுத்தமாக இல்லை என்றார். மனசு சுத்தமில்லை என்றவர் சொன்னது மட்டும் உண்மை.

அதற்கடுத்த மாதமே கடைப் பாட்டில் திரும்பி வந்தது. போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சமாதானமா போயிருவோமம்மா" என்றார். யாருடைய சமாதானம் என்று கேட்டிருக்க வேண்டும். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஆத்திரம் வராமல் இல்லை. ஆனால் அந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ளப் பயந்தேன்.

மகளுக்குப் பதினான்கு வயது. வரும் ஜனவரியில் பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஜெபித்துத் திடப்படுத்துவதாக இருந்தது. அன்றுதான் அவள் முதன்முறையாகத் திருவிருந்தில் சேர்வாள். அதுவரை வீட்டில்கூட ஒரு சொட்டு கொடுக்கவில்லை. முதல் வாய் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் என்று வைத்திருந்தேன். அது நான் செய்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. போதகரிடம் போய்க் கேட்டேன். கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார்.

கமிட்டி பேசியது. பேராயர் வருகிற நாளுக்குக் கடை ரசம் வேண்டாம், வீட்டில் செய்வதே வைக்கலாம், ஆனால் செயலாளர் வீட்டில் செய்யட்டும் என்று முடிவாயிற்று. நவம்பரில் அந்த அம்மாள் ஆள் அனுப்பினார். போனேன். பின்கட்டில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், வேலைக்காரப் பெண் காப்பி கொண்டுவந்தாள்.

"வா அம்மணி. நீ வந்து கஷ்டப்பட வேண்டாங்கண்ணு. பக்கத்துல இருந்து சொல்லு போதும், நாங்களே செஞ்சுபோடறோம்."

எங்கள் ஊரில் ஒதுக்குவதுகூட இத்தனை மரியாதையாகத்தான் நடக்கும். நாற்காலி உண்டு, காப்பி உண்டு, 'கண்ணு' உண்டு. ஜாடிப் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

முற்றத்தில் திராட்சைக் கூடைகள் இருந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன் வேலை செய்யும் அதே தோட்டத்திலிருந்து நேராகச் சொல்லி வரவழைத்தது, ஆனால் கீழ்ப் பந்தல் பழம். மழை குடித்து உப்பி, தோல் பளபளவென்று இருந்தது.

"இது ஆகாதுங்க. மேட்டுப் பழம் வேணுங்க, சிறுசா இருக்குமே, அது. இதுல வெறும் தண்ணிதானுங்க இருக்கும்" என்றேன்.

அந்த அம்மாள் வேலைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "அந்தச் சுண்டக்காயவா? பேராயருக்கு வைக்கறது கண்ணு. நல்ல பழமாப் போட்டாத்தானே நல்லா வரும்?"

கழுவும்போதும் குழாயடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். அதையும் சொன்னேன். சுத்தம் முக்கியம் என்று பதில் வந்தது. காம்பு கிள்ளியதும், அடுத்து என்ன என்று அந்த அம்மாள் கேட்டார்.

"கையால பிசையோணுங்க."

"கையாலயா? அதெல்லாம் வேண்டாம். மிக்ஸில ஒரு சுத்துச் சுத்திப்போட்டா ஆச்சு. யாரு கையும் படாம சுத்தமா இருக்கும்" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை உடையும். உடைந்த விதையின் கசப்பு மூன்று வாரமும் ரசத்தில் ஊறும். எத்தனை சர்க்கரை கொட்டினாலும் அது போகாது, மாதக்கணக்கில் வைத்தாலும் போகாது. கீழ்ப் பழமாக இருந்தால் தித்திப்பும் குறைவு, கசப்பை மூடக்கூட ஒன்றும் இருக்காது. இது எல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் காப்பியைக் குடித்தேன். மிக்ஸி ஓடியது. விதைகள் பிளேடில் மோதி நொறுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஜாரைக் கவிழ்க்கும்போது பழுப்பாக ஒரு கூழ் விழுந்தது. "சரிதானே அம்மணி?" என்று கேட்டார். "சரிதானுங்க" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான், அன்று அத்தனை சுலபமாக வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குடிக்கட்டும், முன்வரிசை முழுக்கக் குடிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஜனவரியில் அந்த ஞாயிறு வந்தது. கோயிலில் சாமந்தித் தோரணம். மகள் வெள்ளைச் சேலையில் மற்றப் பிள்ளைகளோடு பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டாள். பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு திருவிருந்து. பெரியவர்கள் முதலில் போனார்கள். முன்வரிசை நான்கும் இந்த முறை எழுந்தது, ஒருவருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. பேராயர் முதலில் குடித்தார். அவர் முகம் ஒரு நொடி சுருங்கி, பழக்கத்தால் சரியாயிற்று. செயலாளர் குடித்தார், அவர் மனைவி குடித்தார். ஒவ்வொருவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நான் அதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பிள்ளைகளின் முறை வந்தது. என் மகளுக்கு முன்னால் பாத்திரம் வந்தபோதுதான் என்னை அறியாமல் இருக்கையிலிருந்து பாதி எழுந்தேன். இரண்டு மாதமாக நான் அந்த முன்வரிசையை மட்டும்தான் நினைத்திருந்தேன். அவள் கண்ணை மூடி, பக்தியாக, பெரிய மிடறாக விழுங்கினாள். அவள் தோள் குலுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

வெளியே செயலாளர் மனைவி என்னிடம் வந்தார். "உங்க அண்ணன் இருக்கிற தோட்டத்துப் பழம் இந்தத் தடவை சரியில்லீங்க அம்மணி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் என்னை 'உங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மகள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். "ஏனுங்கம்மா அப்படிக் கசந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குள்ளே இன்னும் கொஞ்சம் வீம்பு பாக்கி இருந்தது. முற்றம், கூடை, மிக்ஸி, நான் காப்பி குடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைவு. அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. வெள்ளைச் சேலையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அவங்க குடிக்கோணும்னு உட்டுப்போட்டீங்க. நானும் அதைத்தானுங்கம்மா குடிச்சேன்" என்றாள்.