தூக்கிப் போடச் சொன்ன நியூட்ரான்கள்

"அந்த அத்தியாயத்தைத் தூக்கிடு. இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்" என்று என் பிஎச்.டி. கைடு சொன்னபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து வருட உழைப்பு! ஹீலியம்-3 கற்றையை ஓர் உலோகத் தகட்டின் மேல் அடிப்போம். ஹீலியம் ஒரு புரோட்டானைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு டிரைட்டான் என்ற கன ஹைட்ரஜன் கருவாக வெளியே வரும். அதில் கிளர்ந்துபோன உலோக அணுக்கரு சில சமயம் ஒரு நியூட்ரானைத் துப்பிவிட்டு அடங்கும். அந்த டிரைட்டானும் நியூட்ரானும் ஜோடியாக வருவதைத்தான் அளந்தேன். வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு வந்தது.

"அது தற்செயலா வந்து விழுந்த குப்பை. உங்க ஊர்ல இருந்து நீ இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. பேராசைப்படாதே" என்றார் கைடு.

என் ஊர் திருப்புலிவனம். அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நடுகிறவள். அவர் எதைக் குத்திக்காட்டினார் என்று எனக்குப் புரியாதா என்ன?

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து லேப்டாப்போடு உட்கார்ந்தேன். கற்றை ஒரே ஓட்டமாக வராது, துடிப்பு துடிப்பாக வரும். ஒரு துடிப்பில் வந்த டிரைட்டானை அடுத்த துடிப்பில் வந்த நியூட்ரானோடு வேண்டுமென்றே தப்பாக ஜோடி சேர்த்தேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேடு குப்பை என்றால் இங்கேயும் அதே உயரத்துக்கு எழ வேண்டும்.

காலில் சேற்றோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, ரெண்டு நாளா கோடு போட்டுக்கினே கீற? நாஷ்டா கூட துன்னல."

"எங்க சார் சொன்னது தப்புன்னு காட்டணும்மா."

"காட்டு. துன்னுட்டு காட்டு."

தப்பான ஜோடியில் மேடே இல்லை. தட்டையாகக் கிடந்தது. "அப்படிப் போடு!" என்று கத்திவிட்டேன். உடனே கைடுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை.

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வீடியோவில் கூடியது. இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை, "பிரமாதம்மா. இப்படிச் சரிபார்க்கணும்னு யாருக்குத் தோணிச்சு?" என்று கேட்டார்.

கைடு முந்திக்கொண்டார். "இந்த மேட்டை விடக் கூடாதுன்னு நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டிருந்தேன்."

அடப்பாவி! கையெழுத்து இன்னும் அவரிடம்தான் இருந்தது. மைக்கைத் திறந்தேன்.

"தூக்கிப் போடச் சொன்னீங்க சார். நான்தான் போடல."

நான் அடுத்த வரைபடத்துக்குப் போனேன்.