லேப்டாப்புக்குள் சந்தனம்

செஞ்சிக் கடைத்தெருவில் அந்த லேப்டாப் சர்வீஸ் கடை இருக்கும் பக்கமே நான் இப்போதெல்லாம் போவதில்லை. கருமம், அன்றைக்கு அங்கே பார்த்தது இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. பார்த்ததை விடப் பேசியது மோசம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, சிங்கவரத்து வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறேன். யார் யாரோ பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டெழுதித் தர வேண்டும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு முழங்கால் போன பிறகு வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. திங்கட்கிழமை முதல் புது சாஃப்ட்வேர், எட்டு ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இல்லாத லேப்டாப்காரர்களுக்கு வேலை கிடையாது. என்னுடையது காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. நான்கு ஜி.பி. ராம், கறகறவென்று சத்தம் போடும் பழைய ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு உலை வைத்தால், சோறு வடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். நடுநடுவே நீலத் திரை காட்டி மயக்கம் வேறு போடும். புதிது வாங்க வழியில்லை. இருப்பதைத்தான் தேற்றியாக வேண்டும்.

சனிக்கிழமை நைனாவின் மொபெட்டில் போனோம். நைனா கிணற்று மோட்டார் மெக்கானிக். எங்களுக்கென்று கையகல நிலம் கிடையாது. ஆனால் சுற்றுப்பட்டில் எவருடைய நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் தண்ணீர் பாய்ந்தாலும் அதில் நைனாவின் கை இருக்கும். மெஷின் சம்பந்தப்பட்ட எந்தக் கடைக்கும் என்னைத் தனியாக அனுப்ப மாட்டார். என் பையை வாங்கி வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார்.

கடைக்காரருக்கு வலது சுண்டுவிரலில் நீள நகம். அதால் காதைக் குடைந்தார், குடைந்ததை ஒருதரம் பார்த்தார், பேன்ட்டில் துடைத்தார். அப்போதே கிளம்பிப் போயிருப்பேன். என்ன செய்வது, ராமும் எஸ்.எஸ்.டி.யும் கையிருப்பில் வைத்திருந்தவர் அவர்தான்.

லேப்டாப்பைக் கவிழ்த்து, பின்பக்கம் ராம் இருக்கும் சின்ன மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி நெம்பினார். முதலில் ஒரு கரப்பான் ஓடி வந்தது. சீ என்று பின்னால் நகர்ந்தேன். அதன் பின்னால் இரண்டு குட்டிகள். உள்ளே வேகவைத்த காராமணி போலப் பழுப்பு முட்டைக்கூடுகள் ஒட்டியிருந்தன. நமுத்துப்போன பொரி ஒன்று கிடந்தது. ராம் என்கிற அந்தப் பச்சைப் பட்டையின் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பொட்டு! கரப்பான் வாடையும் மட்கிய சந்தன வாடையும் கலந்து மூக்கில் ஏறின. இந்த அசிங்கத்தின் மேல் கை வைத்துத்தான் இத்தனை நாளும் வேலை செய்தேன், அதே கையால் சோறும் தின்றேன். த்தூ!

யார் வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், டெஸ்டர், மொபெட், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது எந்த வீட்டிலும் நடப்பதுதான். நைனாவுக்கு மட்டும் அது போதாது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து உள்ளேயும் வைப்பார். "மூடி மேல வெச்சா சொக்காய்க்கு வெச்ச மாதிரிம்மா. உள்ள இருக்கறதுதான் வேல செய்யுது, அதுக்குத்தான் வெக்கணும்" என்பார். லேப்டாப்பையும் எனக்குத் தெரியாமல் வருஷா வருஷம் திறந்து வைத்திருக்கிறார். மோட்டாரில் கரன்ட் ஓடும் இடத்தை விட்டு ஒதுக்கி வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, இதில் எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை.

கடைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்துக் கடை ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். போனில் போட்டோ எடுத்தார்.

"எங்க குரூப்ல போட்டா சிரிச்சே செத்துருவானுங்க. இன்னாம்மா இது, லேப்டாப்பா கோயில் உண்டியலா?"

காது குடைந்த அதே நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். செதில் செதிலாக என் முன்னால் விழுந்தது.

"எவன் பாத்த வேல இது? இப்டி வெச்சிக்கற வீட்ல நான் புது ராம் போட்டுக் குடுத்து, நாளைக்கு அது பூடுச்சின்னா என் தலைல கட்டுவீங்க. வேணாம், எடுத்துனு போங்க."

நைனா ஒரு அடி முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

எடுத்துக்கொண்டு எங்கே போவது? திங்கட்கிழமை என் பிழைப்பு போய்விடும். அந்த போட்டோவில் இருப்பது எங்கள் வீட்டு அசிங்கம் என்று ஊரெல்லாம் தெரியப்போகிறதே என்று முகம் வேறு எரிந்தது. நைனா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்ல அந்த மாதிரி யாரும் இல்லீங்க. இது செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. முன்ன வெச்சிருந்தவன் எவனோ அறிவுகெட்டவன் பண்ணி வெச்சிருக்கான்."

அதைப் புத்தம் புதிதாக வாங்கி வந்து, ஒரு வருஷம் வரை பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடாத மனுஷன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் இறங்கி வந்தார். "அப்டி சொல்லு" என்று பிரஷ்ஷையும் ஸ்பிரிட்டையும் எடுத்தார். பொட்டு வைத்த ராம் செருகியிருந்த பள்ளம், அதுவரை மயங்கி மயங்கி எழுந்துகொண்டிருந்தது, அந்தச் சுரண்டலில் ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தது, எத்தனை தேய்த்தும் அதில் எதுவும் உயிர் பெறவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இன்னொரு பள்ளத்தில் புது ராமை அழுத்தினார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதிலிருந்த எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அதுவரை நைனா நின்றுகொண்டேயிருந்தார். அந்த முழங்காலோடு. ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை, நானும் உட்காரச் சொல்லவில்லை.

பட்டனை அழுத்தியதும் திரை பளிச்சென்று வந்தது. எட்டு ஜி.பி. காட்டியது. வேலை தப்பித்தது. சந்தோஷப்படத்தான் பார்த்தேன். வாய்க்குள் ஏதோ ஊர்வது போல இருந்தது. கரப்பானைப் பார்த்தபோது வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமேயில்லை.

கடைக்காரர் லேப்டாப்பைத் துடைத்து நைனாவிடம் நீட்டினார். "பெரியவரே, இனிமே செகண்ட் ஹேண்ட் வாங்குனா தொறந்து பாத்து வாங்குங்க. எப்பேர்ப்பட்ட ஆளு கையில இருந்துச்சோ, சீ!"

நைனா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"ஆமாங்க சார். எவனோ படிக்காத ஆளு. எங்க வீட்ல அந்த மாதிரி யாரும் இல்ல."